பரணியன்று வராதவளுக்கு

அக்கா,

நேற்று மத்தியானம் நம்ம டயாலிசிஸ் சென்டரில் உன் குரல் கேட்டது. ஒருவருக்கு ஊசி போட்டு மெஷினை ஓடவிட்டு, கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். புதிதாகப் பயிற்சிக்கு வந்திருக்கும் பெண் மேசையில் உட்கார்ந்து போனில் ஏதோ வகுப்பு பார்த்துக்கொண்டிருந்தாள். இயர்போனைச் சரியாகச் சொருகவில்லை போல. "மேடம், ஒரு டவுட்டுங்க" என்று நீ கேட்டது வார்டு முழுக்கக் கேட்டது. கழற்றிய கையுறையோடு அப்படியே நின்றுவிட்டேன்.

நாம் படித்த அதே ஆன்லைன் வகுப்புதான். ஆஸ்பத்திரி வேலைக்குப் போகிறவர்கள் நோயாளியைப் பற்றிக் குறிப்பு எழுதக் கற்றுக்கொள்வதற்கென்று கல்லூரிக்காரர்கள் நடத்தும் எழுத்து வகுப்பு. நமக்கு எடுத்ததைப் பதிவு செய்துவைத்து, இப்போது புதுப் பிள்ளைகளுக்குப் போட்டுக்காட்டுகிறார்கள். உன் குரலுக்குப் பின்னால் மெஷின் கூவுகிறது. "அக்கா, கைய ஆட்டாத" என்று ஓரத்தில் என் குரல்கூட வருகிறது. "யாருக்கா இது, மேடத்தையே மடக்குறாங்க?" என்று அந்தப் பெண் சிரித்தாள். உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

நீ அந்த வகுப்பில் சேர்ந்ததே ஒரு கூத்து. அப்போது நானும் பயிற்சியில்தான் இருந்தேன். ரத்தம், டியூப், ஊசி எதற்கும் பயப்படாதவள், நாலு வரி எழுதச் சொன்னால் மட்டும் வியர்த்துப்போவேன். நீ பொதட்டூர்பேட்டையிலிருந்து டயாலிசிஸுக்கு வாரம் இரண்டு நாள் பஸ் பிடித்து வந்து, ஜன்னலோரக் கட்டிலில் படுத்துக்கொண்டு, என்னை வேடிக்கை பார்ப்பாய்.

"இன்னாடி அது, போனப் பாத்து மொறைச்சிகினு இருக்கிற?"

"எழுத்து கிளாசுக்கா. உசுர வாங்குது."

"நான் சும்மாதானே படுத்துகினு கெடக்கிறேன். நானும் சேர்றேன், இரு."

விளையாட்டு என்று நினைத்தேன். அடுத்த வாரமே சேர்ந்துவிட்டாய். பிளஸ் டூவோடு கல்யாணம் செய்துகொடுத்துவிட்டார்களாம், அந்தக் கோபம் உனக்கு உள்ளேயே இருந்திருக்கிறது. "இத பாஸ் பண்ணிட்டு டெக்னீசியன் படிக்கப் போறேன். எனக்கு நானே ஊசி போட்டுக்குவேன். உன் கிட்ட குத்து வாங்கறதுக்கு அது எவ்ளவோ மேலு" என்றாய். ஊசி ஏறிய கை அசையக்கூடாது என்பதால் மற்ற கையில் போனைப் பிடித்துக்கொண்டு வகுப்பு கேட்பாய். எழுத வேண்டியதை நீ சொல்லச் சொல்ல நான் தட்டுவேன். உன் பேரிலும் என் பேரிலும் போன பயிற்சிகளில் எது யாருடையது என்று நமக்கே தெரியாது.

நேற்று ஓடிய வகுப்பு எனக்கு மனப்பாடம். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள், உங்கள் அபிப்பிராயம் வேண்டாம் என்று மேடம் சொல்லிக்கொண்டிருந்தார். திரையில் ஒரு மாதிரி வாக்கியம்: "நோயாளி குறித்த நாளில் வரவில்லை." அப்போதுதான் உனக்கு டவுட்டு வந்தது.

"ஏன் வரலன்னு எழுதறதுக்கு எடம் இருக்குங்களா மேடம்?"

"கேஸ் ஷீட்ல கதை எழுதக்கூடாதும்மா."

"கதை இல்லீங்க மேடம். காரணம்."

மேடம் சிரித்துவிட்டு, ஒரே வரியில் சொல்ல முடிந்தால் எழுதுங்கள் என்றார். நல்ல மனுஷி. உன்னிடம் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அன்றிலிருந்து வார்டில் யார் வராவிட்டாலும் அவர்களுக்கு ஒரு வரி தயார் செய்தாய். எதிர்க் கட்டில் பெரியவர் வராததற்கு, "பேத்தி கல்யாணம், தாலி எடுத்துக் கொடுக்க வீட்டில் வேறு பெரியவர் இல்லை" என்று சொல்லி என்னை எழுதவைத்தாய். விசாரித்தால் அது அப்படியே நிஜம். எப்போது எல்லோரிடமும் பேசினாய் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

உன் விஷயம் மட்டும்தான் சண்டையில் முடியும். சிறுநீரகம் நின்றுபோனவர்களுக்குக் குடிக்கிற தண்ணீர் வெளியே போக வழி கிடையாது. அடுத்த மெஷின் வரைக்கும் உடம்பிலேயே நிற்கும், மீறினால் நுரையீரலில் ஏறும். உனக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் சித்திரை, வைகாசியில் எடை மெஷினில் ஏறும்போது என் முகத்தைப் பார்க்காமல் ஏறுவாய். "எவ்ளோக்கா குடிச்ச? உண்மையச் சொல்லு" என்று கத்துவேன். "தமிழ்நாட்லயே திருத்தணிலதான் வெயில் ஜாஸ்தின்னு டிவில சொல்லிகினு இருக்கிறான். மொதல்ல அத எழுதிக்கோ" என்பாய். கோபத்திலும் சிரித்துத் தொலைப்பேன்.

ஆடிக் கிருத்திகைக்கு நம்ம ஊர் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வண்டிகளையெல்லாம் ஊருக்கு வெளியே நிறுத்திவிடுவார்கள், உள்ளே காவடிதான் நடக்கும். அதனால் கிருத்திகை அன்று முறை உள்ளவர்களை முந்தின நாள் பரணியன்றே வரவழைத்து முடித்துவிடுவது எங்கள் சென்டர் வழக்கம். போன வருஷம் எல்லோருக்கும் போன் போட்டுச் சொன்னது நான்தான். எல்லோரும் வந்தார்கள், நீ வரவில்லை.

"பாவா எனக்காகத்தான்டி காவடி எடுக்குறாரு" என்றாய் போனில். உன் வீட்டுக்காரரை நீ பாவா என்றே சொல்லிப் பழகிவிட்டதால் எனக்கும் அவர் பேர் தெரியாது. தறி ஓட்டுகிற மனுஷன். உனக்கு உடம்பு தேற வேண்டுமென்று மூன்று வருஷம் புஷ்பக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்தார், அது முதல் வருஷம். பரணி சாயங்காலம் வீட்டில் காவடிக்குப் பூஜை, சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள்.

"காலைல வந்துட்டு பூஜைக்குத் திரும்பிடலாம்கா."

"கூட்டத்துல மாட்டிகினா திரும்ப முடியாதுடி. எனக்காக எடுக்கிற காவடி, நானே இல்லன்னா நல்லாவா இருக்கும்? கிருத்திகை அன்னிக்கு விடிஞ்சதும் மொத பஸ்ல வந்துடறேன். எனக்குக் கட்டில் வச்சிரு."

கெஞ்சினேன், திட்டினேன், டாக்டரையே பேசவைத்தேன். அவரிடமும் "ஆங் சார், ஆங் சார்" என்றுவிட்டு வைத்துவிட்டாய். உன் ஜன்னலோரக் கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டு வைத்தேன். அதற்குமேல் எனக்குச் செய்யத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் நீ கூப்பிட்டபோது வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கியது. "பஸ்ஸு இதுக்கு மேல போவாதாம். நடந்து வந்துகினு இருக்கிறேன்." நடக்காதே, இருக்கிற இடத்திலேயே உட்கார், நான் வருகிறேன் என்று கத்தினேன். ஆம்புலன்ஸ் கூட்டத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது. சென்டர் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நானே ஓடினேன். பம்பைச் சத்தம், அரோகரா சத்தம், எங்கே பார்த்தாலும் மஞ்சள் துணி. பாவம், முடிந்தவர்கள் ஒதுங்கினார்கள். ஒதுங்க அவர்களுக்கும் இடமில்லை. அவ்வளவு பேர் நடுவில் நின்று ஓவென்று அழுதேன், யாருக்கும் கேட்கவில்லை.

நீ ஒரு நீர்மோர்ப் பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்திருந்தாய். ஒரு அம்மா விசிறினார். இன்னொருவர் உன் வாயருகே டம்ளரைப் பிடித்திருந்தார். என் யூனிஃபார்மைப் பார்த்ததும் அவருக்கு நிம்மதி.

"மயக்கமா வந்து ஒக்காந்துச்சும்மா. மோரு, தண்ணின்னு மாத்தி மாத்திக் குடுத்துகினு இருக்கிறோம். வேணாம் வேணாம்னுச்சு. நாங்கதான் விடல."

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, அக்கா. எப்படி வரும்? நாங்கள் பாய் வீடுதான், ஆனாலும் அப்பாவின் மெக்கானிக் கடை வாசலில் கிருத்திகைக்குக் கிருத்திகை தண்ணீர்ப் பந்தல் போடாமல் இருந்ததில்லை. வேண்டாம் என்றவர்களையும் சின்ன வயசில் நான் துரத்திப்போய்க் குடிக்கவைத்திருக்கிறேன். நீ என்னைப் பார்த்தாய். ஏதோ சொல்ல வந்தாய், இருமல்தான் வந்தது.

கொண்டுவந்து சேர்த்தோம். ஊசியும் போட்டேன், மெஷினும் ஓடியது. உன் இதயம்தான் நின்றுவிட்டது. டாக்டர் நெஞ்சை அமுக்க, முறை மாற்றி நானும் அமுக்கினேன். கற்றுக்கொடுத்த எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்தபடியே செய்தோம். ஒன்றும் ஆகவில்லை. காவடி எடுத்த பாவாவிடம் போன் இல்லை. மலையிறங்கி, மஞ்சள் வேட்டியும் விபூதியுமாக, உனக்கென்று பிரசாதம் எடுத்துக்கொண்டு நேராகச் சென்டருக்கு வந்தார். அவரிடம் நான்தான் சொன்னேன்.

கேஸ் ஷீட்டையும் நான்தான் எழுதினேன். குறித்த நாளில் வரவில்லை, மறுநாள் மூச்சுத்திணறலுடன் கொண்டுவரப்பட்டார், நீர் அருந்தியிருந்தார், சிகிச்சை பலனளிக்கவில்லை. பார்த்ததை மட்டும் எழுதினேன். உனக்காக ஒரு வரி காரணம் எழுதப் பேனாவை வைத்தேன். வேண்டுதலை எழுதினால் பாவாவைச் சொன்னதாகும். மோரை எழுதினால் அந்த அம்மாக்களைச் சொன்னதாகும். உனக்கு நல்லது நினைக்காதவர் ஒருவரும் அதில் இல்லை. எழுதாமலேயே மூடிவைத்தேன்.

மற்றவர்களுக்கு இப்போது எழுதுகிறேன். யாராவது வராவிட்டால் கூப்பிட்டு விசாரித்து ஒரு வரி சேர்த்துவிடுகிறேன். இதையெல்லாம் யார் படிக்கப்போகிறார்கள் என்று சீனியர் அலுத்துக்கொள்கிறார். யாரும் படிப்பதில்லை, உண்மைதான்.

போன வாரம் பாவா வந்திருந்தார். இளைத்துப்போயிருக்கிறார். இந்தக் கிருத்திகைக்கும் காவடி எடுக்கிறாராம். "மூணு வருஷம்னு வேண்டிகினேன்மா. அவ இல்லன்னு சாமி கிட்ட சொன்னத மாத்த முடியுமா?" என்றார். எடை மெஷின் பக்கத்து பெஞ்சில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு, ஒவ்வொரு தடவையும் கேட்பதைக் கேட்டார்.

"பரணி அன்னிக்கே கூட்டினு வந்திருந்தா பொழச்சிருப்பாளாம்மா?"

"தெரியலண்ணா."

"ஆங்" என்று தலையாட்டிவிட்டு எழுந்து பஸ்ஸுக்குப் போனார். அடுத்த முறையும் கேட்பார், அடுத்த முறையும் நான் இதையேதான் சொல்வேன். உன்னிடம் மட்டும் சொல்கிறேன், அக்கா. எனக்குத் தெரியும். நீ இருந்திருப்பாய்.