பரண் மேல் படிக்க ஒரு ரீடர்

அண்ணி,

உச்சி வெயில். சோளக் கொல்லைக் காவல் பரண் மேல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பக்கத்தில் வைத்திருக்கிற, புத்தகம் படிக்கிற ரீடர் மேல் வெயில் நேராக விழுகிறது. எழுத்து மங்கவில்லை, இன்னும் கறுப்பாகத்தான் தெரிகிறது. போனாக இருந்தால் இந்நேரம் அதில் என் மூக்குதான் தெரியும். நாம் இரண்டு பேரும் பேசிப் பேசித் தேடியது இதைத்தான். வாங்கிவிட்டேன். உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மக்காச்சோளம் பால் பிடித்துவிட்டது. கிளிகள் கூட்டம் கூட்டமாக வருகின்றன. நைனார்பாளையத்திலிருந்து நீங்கள் கல்யாணமாகி இந்த மலைக்கு வந்த வருடமும் இப்படித்தான் வந்தன. நம் கொல்லையில் பகல் காவல் உங்களுக்கும் எனக்கும். எல்லோரும் செய்வதுபோல் நானும் தகரத்தைத் தட்டிக்கொண்டு "ஆ... ஓ..." என்று கத்திக்கொண்டிருந்தேன். கத்துவது என்றால் பெரிய கத்தல் இல்லை. பக்கத்தில் இருந்த உங்களுக்கே சரியாகக் கேட்டிருக்காது. நீங்கள் ஒரு நாள் கத்திப் பார்த்தீர்கள். மறுநாள் உங்கள் அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த மாத நாவல் பையோடு பரண் ஏறினீர்கள்.

"சும்மா கத்தி தொண்டைய கெடுத்துக்கறதுக்கு, ஒரு கதையாவது கத்திப் படிக்கலாம் பாப்பா."

சொன்னபடியே படித்தீர்கள். கதாநாயகி அழுதால் உங்கள் குரல் ஏறும், கிளிகள் எழும்பும். வில்லன் வந்தால் தகரத்தில் ஒரு அடி. அரை மணி நேரத்தில் புத்தகத்தை என் கையில் கொடுத்து "இப்ப நீ" என்றீர்கள். விடுதியில் தங்கிப் படிக்கையில் டீச்சர் எழுப்பிவிட்டுப் படிக்கச் சொன்னால் எனக்கு உதடு மட்டும்தான் அசையும். ஒன்பதாவதில் பொங்கல் லீவுக்கு வந்தவள் திரும்பப் போகாததற்கு அதுவும் ஒரு காரணம். உங்களிடம் தலையை ஆட்டினேன்.

"கிளிகிட்ட இன்னா வெக்கம்? அது உனக்கு மார்க் போடப்போவுதா?"

அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் இரண்டு பக்கம் படித்துவிட்டேன். கிளிகள் நகர்ந்தனவா என்று ஞாபகம் இல்லை. பக்கத்துக் கொல்லை மாமா மட்டும் எழுந்து நின்று பார்த்தார்.

"இன்னாம்மா, மாமியாளத் திட்றீங்களா, கிளியத் திட்றீங்களா?"

"கத மாமா. கேளுங்க, காசு வாணாம்" என்றீர்கள்.

கேலி செய்தவர் அடுத்த வருடம் தன் பரணை நம் வரப்பை ஒட்டிப் போட்டுக்கொண்டார். கதையில் ஒருத்தி வீட்டை விட்டுக் கிளம்பினால் அங்கிருந்தே "போவாதன்னு சொல்லு" என்பார். புத்தகங்கள்தான் தீர்ந்துபோயின. ஒரே பையை எத்தனை தடவை படிப்பது? கடைசியில் அவரே சலித்துக்கொண்டார். "அந்த டாக்டரு தான் அவ அண்ணன். எனக்கும் தெரியும், கிளிக்கும் தெரியும். வேற எதனா படிங்கம்மா."

அப்புறம்தான் போனில் படித்துப் பார்த்தோம். வெயிலில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டு பேரும் தலைமேல் துண்டைப் போர்த்திக்கொண்டு, அந்த இருட்டுக்குள் போனை வைத்துக் கதையில் மூழ்கிவிட்டோம். துண்டை எடுத்தபோது கிளிகள் வரப்போரச் சோளத்தைப் பாதி முடித்திருந்தன. அண்ணன் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டு பேரு காவலு. கிளிக்கு."

வெயிலிலும் தாள்போலத் தெரியும் ரீடர் என்று ஒன்று இருப்பதை அந்த வாரம்தான் நீங்கள் ஒரு வீடியோவில் பார்த்தீர்கள். ஒரு தடவை சார்ஜ் போட்டால் வாரக்கணக்கில் வரும் என்றான் அதில் பேசியவன். நம் ஊரில் ஒரு காற்று அடித்தால் இரண்டு நாளைக்குக் கரண்ட் இருக்காது, அதனால் அந்தப் பேச்சு எனக்கும் பிடித்தது. புதிதின் விலையைக் கேட்டதும் "யம்மா, ரெண்டு ஆட்டு வெல சொல்றான்" என்று போனைக் கவிழ்த்துவிட்டீர்கள். பிறகு யோசித்து, பழையது வாங்கலாம் என்றீர்கள். உள்ளே விளக்கு எரிகிற மாதிரிக்குத்தான் விலை அதிகம். "நாம வெயில்ல தானே படிக்கப்போறோம், நமக்கு எதுக்கு லைட்டு?" ஆயிரம் புத்தகம் பிடிக்கும், இரண்டாயிரம் பிடிக்கும் என்று அந்த ஆள் நீட்டியபோது, "ஒரு நேரத்துக்கு ஒண்ணு தாண்டா படிக்க முடியும்" என்று போனிடமே சொன்னீர்கள்.

காட்டில் கடுக்காய் பொறுக்கி விற்றதை டப்பாவில் சேர்த்தோம். கொஞ்சம் சேர்ந்ததும், விலை விசாரிக்கலாம் என்று கள்ளக்குறிச்சிக்குப் பஸ் ஏறினோம். பழைய போன், லேப்டாப் விற்கிற கடை. வாசலிலேயே நான் உங்கள் முதுகுக்குப் பின்னால் போய்விட்டேன். தைரியசாலி என்று நினைத்திருந்த நீங்களும் அங்கே என் கையைக் கிள்ளி "நீ கேளு" என்றீர்கள். "நீங்க கேளுங்க அண்ணி." கடைக்காரர் நிமிர்ந்தார்.

"இன்னாம்மா வேணும்?"

"டார்ச் லைட்டு" என்றீர்கள்.

டார்ச் லைட்டோடு திரும்பினோம். மலை ஏறும் வரைக்கும் பஸ்ஸில் சிரிப்பு அடங்கவில்லை. "அடுத்த வாட்டி ரீடர் வாங்கப் போனா மிக்ஸி வாங்கிக்கினு வருவோம்" என்றீர்கள்.

அடுத்த தடவை நீங்கள் வரவில்லை. தை அறுவடை முடிந்ததும் உங்களுக்குக் காய்ச்சல் வந்தது. கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எங்களோடு நீங்கள் திரும்பி வரவில்லை. அதை இங்கே விரித்து எழுத மாட்டேன். கதையில் அந்த மாதிரிப் பக்கம் வந்தால் நீங்களே தள்ளிக்கொண்டு போகிற ஆள்தானே.

இந்த வருடம் விதைப்பு முடிந்த பிறகு அண்ணன் அந்த டப்பாவை எடுத்து என் முன்னால் வைத்தார். "இது உங்க ரெண்டு பேரு சம்பாத்தியம். நட, போலாம்" என்றார். அதே கடைக்குப் போனோம். கடைக்காரர் மேசையில் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று மூலையில் கீறல் விழுந்த பழைய ரீடர், விளக்கு இல்லாதது. இன்னொன்று பெரிய போன் மாதிரி பளபளவென்று ஒரு டேப். இரண்டும் ஏறக்குறைய ஒரே விலை.

"டேப்ப எடுத்துக்கோங்க. படம் பாக்கலாம், பாட்டு கேக்கலாம், புக்கும் படிக்கலாம். அது வெறும் கறுப்பு வெள்ள" என்றார். அண்ணனுக்கும் அதுவே சரியாகப்பட்டது. டப்பாவில் இருந்த காசு ஒரு தடவைக்குத்தான். தப்பானதை வாங்கிக்கொண்டு போனால் மறுபடியும் துண்டுக்குள் தலையை விட வேண்டியதுதான். கடைக்காரர் டேப்பை அட்டைப் பெட்டிக்குள் வைக்க ஆரம்பித்துவிட்டார்.

"வெயில்ல பாக்கணும்" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். இந்தத் தடவை பரண் மேல் படிக்கிற குரல் வந்துவிட்டது, அண்ணி. கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"மெதுவா சொல்லும்மா. நான் செவுடு இல்ல" என்றார் கடைக்காரர். "வெயில்ல வச்சு இன்னா பண்ணப்போற, வத்தல் போடப்போறியா?"

சிரித்துக்கொண்டே இரண்டையும் எடுத்துக்கொண்டு எங்களோடு ரோட்டுக்கு வந்தார். அண்ணன் டேப்பை வெயிலில் பிடித்தார். கொஞ்ச நேரம் அப்படியும் இப்படியும் திருப்பிவிட்டு, அதில் பார்த்துத் தலைமுடியைச் சரி செய்துகொண்டார். ரீடரில் எழுத்து அப்படியே நின்றது. அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "அட, காலண்டர் தாளு கணக்கா கீதே" என்றார்.

அதில் இருந்தது இங்கிலீஷ் புத்தகம். தமிழ் சரியாக வருமா என்று பார்க்காமல் வாங்கக்கூடாது என்று நாம் பேசி வைத்திருந்தோமே, அதையும் கேட்டேன். கடைக்காரர் நெட்டில் இலவசமாகக் கிடைத்த ஒரு தமிழ்க் கதையை ஏற்றிக் காட்டினார். ஒரு எழுத்துகூட உடையவில்லை. பெரிதாக்கச் சொன்னேன், பெரிதானது. எனக்கு இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. எந்த வீடியோவிலும் எவனும் சொல்லாத விஷயம் என்று நீங்கள் குறைப்பட்டுக்கொண்டது.

"இதுல கடைசிப் பக்கத்த மொதல்ல பாக்க முடியுமாங்க?"

"கடைசிப் பக்கமா? அத மொதல்லயே பாத்துட்டா அப்பறம் இன்னாத்துக்கும்மா கத படிக்கற?"

"கடைசியில யாராவது செத்துட்டா அந்தக் கதைய நாங்க படிக்க மாட்டோம்."

கடைக்காரர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் பஸ் போகிற பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் ரீடரை என் கையில் கொடுத்தார். கீழே ஒரு கோடு இருக்கிறது, அதை விரலால் ஓரம் வரைக்கும் இழுத்தால் கதையின் முடிவு வந்துவிடும் என்று என்னையே இரண்டு தடவை இழுக்க வைத்தார். காசு வாங்கிக்கொண்ட பிறகு, நான் கேட்காமலே இன்னும் நிறையத் தமிழ்க் கதைகளை ஏற்றிக் கொடுத்தார்.

கதிர் பிடிக்கும் வரைக்கும் வீட்டிலேயே எல்லாப் பொத்தானையும் பழகிக்கொண்டேன். அண்ணன் எப்போதாவது வாங்கிப் பார்ப்பார். ஒரு பக்கம் படிப்பார், கொடுத்துவிடுவார். இன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பரணுக்குக் கொண்டுவந்தேன். மாமா இந்த வருடமும் பரணை வரப்போரமாகத்தான் போட்டிருக்கிறார். இத்தனை நாளும் பேசாமல் தகரம் தட்டிக்கொண்டிருந்தார். இப்போது எழுந்து நின்று, கையை நெற்றியில் வைத்து என்னைப் பார்க்கிறார்.

"இன்னா பாப்பா அது, சிலேட்டா?"

"கத மாமா. புதுசு."

"அந்த டாக்டரு வரானா?"

"வரலிங்க."

"அப்ப சரி. ஆரம்பி."

ஒரு நிமிஷம் இருக்கச் சொல்லிவிட்டுத்தான் இந்த வரிகளை எழுதுகிறேன். கோட்டை ஓரம் வரைக்கும் இழுத்துப் பார்த்துவிட்டேன், அண்ணி. கடைசிப் பக்கத்தில் எல்லோரும் ஒரு வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். ஒருத்தி இன்னொருத்திக்குக் குழம்பு ஊற்றுகிறாள், போதும் போதும் என்கிறாள் அவள். தெற்குப் பக்கம் கிளிகள் இறங்கப் பார்க்கின்றன. பேனாவை வைத்துவிட்டு நான் சத்தம் போட்டுச் சொல்ல வேண்டும்:

"மாமா, படிக்கலாம்! யாரும் சாவல!"