நாற்பத்தொன்றாம் நம்பரின் கை

என் பெரிய மகளுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் உன் தம்பியும் அவன் பெண்டாட்டியும் சண்டையும் சாப்பாடுமாக நன்றாகத்தான் இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தியும் சுகமாக இருக்க வேண்டும், இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும். இதைப் போனில் சொன்னால் என்ன என்று கேட்பாய். போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ நாலு வார்த்தை சொல்லிவிடுவாய், பாதியில் அழுவாய், நானும் விஷயத்தை விட்டுவிட்டு உன்னைச் சமாதானம் செய்யக் கிளம்பிவிடுவேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அஞ்சாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள் எழுதுகிறேன், எழுத்தில் பிழை இருக்கும், விஷயத்தில் இருக்காது. அடுப்பில் ஏதாவது இருந்தால் அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து படி.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் குதித்தாயே, அதைப் பற்றித்தான். உன் ஆராய்ச்சிக்கு வந்த தோல் துண்டுகளில் ஒன்று மட்டும் அதிசயமாக இருக்கிறது என்றாய். நரம்பைச் சுற்றியிருக்கிற உறையில் செல்லும் செல்லும் ஒட்டிக்கொள்கிற இடமெல்லாம் விட்டுப்போயிருக்கிறது, ஆனால் அந்த ஆளின் கையில் உணர்ச்சி மாதாமாதம் பத்துக்குப் பத்து என்று ஆஸ்பத்திரியிலிருந்து எழுதி வந்திருக்கிறது, அந்த நரம்பை எது காப்பாற்றுகிறது என்று கண்டுபிடித்துவிட்டால் எத்தனையோ பேருடைய கை பிழைக்கும் என்றாய். அடுத்த மாதம் பெரிய கூட்டத்தில் அதைத்தான் பேசப்போகிறேன் என்றாய். பேச்சு வேகத்தில் நாற்பத்தொன்றாம் நம்பர் என்றும் சொல்லிவிட்டாய். நான் உம் கொட்டிக்கொண்டே இருந்தேன், அப்புறம் தலை வலிக்கிறது என்று போனை வைத்துவிட்டேன். எனக்குத் தலை வலிக்கவில்லை. மகளே, அந்த நாற்பத்தொன்று நான்தான். அந்தப் பத்துக்குப் பத்து பொய்.

இரு, முழுதும் சொல்கிறேன். எனக்குத் தொழுநோய் வந்ததும் பன்னிரண்டு மாதம் மாத்திரை விழுங்கி முடித்ததும் உனக்குத் தெரியும். மூன்று மாதம் கழித்து இடது முழங்கைக்குக் கீழே இருந்த தேமல் சிவந்து தடித்து எரிந்தது. டாக்டர் பயப்படாதீங்கம்மா, நோய் திரும்பி வரலை, கிருமி செத்துப்போச்சு, உங்க உடம்புதான் செத்த கிருமியோட இன்னும் சண்டை போடுது, இதுக்கு எதிர்வினைன்னு பேர் என்றார். செத்தவர்களோடு சண்டை போடுவது எனக்கு ஒன்றும் புதிதில்லை என்று சொன்னேன், சிரித்தார். அப்போதுதான் நீ உன் ஆராய்ச்சிக்கு உங்கள் ஆஸ்பத்திரியிலும் ஆள் சேர்க்கிறார்கள், சேருகிறாயா என்று கேட்டாய். முடியாது என்று மூஞ்சியில் அடித்தாற்போல் சொன்னேன். ஏன் தெரியுமா, அதற்கு முந்தின வாரம் போனை வைக்க மறந்துவிட்டு உன் சிநேகிதியிடம் எங்க அம்மாவுக்கு மூட்டு வலி என்று சொன்னாய். அது என் காதில் விழுந்தது, இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. ஆனால் மனசு கேட்கவில்லை. மறுநாளே நானாகப் போய்க் கையெழுத்துப் போட்டேன், தோலில் பொட்டளவு வெட்டி எடுத்தார்கள், பேர் போகாது, நம்பர் மட்டும்தான் போகும் என்று சொல்லி அட்டையில் நாற்பத்தொன்று என்று எழுதிக் கொடுத்தார்கள். என் மகள் ராத்திரி பகலாகக் கண்ணை வைத்துப் பார்க்கிற கண்ணாடிக்கு அடியில் என் தோல் இருக்கட்டுமே என்று ஓர் ஆசை.

மாதம் ஒரு தடவை கையைச் சோதிப்பார்கள். மேசை மேல் கையை மல்லாக்க வைத்துக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், குச்சி முனையில் இருக்கிற நைலான் நூலால் பத்து இடத்தில் தொடுவார்கள், தொட்ட இடத்தை மற்றக் கையால் காட்ட வேண்டும். சோதிக்கிற பெண் தங்கமானவள், ஆனால் ஒழுங்குக்காரி. ஒவ்வொரு மாதமும் கட்டைவிரல் நுனியில் ஆரம்பிப்பாள், ஆட்காட்டி, நடுவிரல் என்று வரிசையாகப் போய் மணிக்கட்டுக்குப் பக்கத்தில் முடிப்பாள், ஒவ்வொரு தடவையும் தொடுவதற்கு முன் மூக்கால் மூச்சு இழுப்பாள். இரண்டாம் மாதமே சுண்டுவிரல் பக்கம் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மூச்சுச் சத்தம் கேட்டது, அடுத்த இடம் எதுவென்று மனசில் இருந்தது, காட்டிவிட்டேன். விரலை விரித்துக் காட்டச் சொல்வாள், அது நன்றாகவே விரிந்தது. சபாஷ்மா, பத்துக்குப் பத்து என்பாள். நாலு மாதம் இப்படியே. கை நன்றாக இருக்கிறது என்று நம்பி டாக்டரும் எதிர்வினைக்குக் கொடுத்த வீக்க மாத்திரையைக் குறைத்துக்கொண்டே வந்தார்.

ஏன் செய்தாய் என்று கேட்பாய். தார்ப்பாய்ப் பட்டறையில் நான் சேர்ந்த இரண்டாம் வருஷம், ஒரு செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டு மணி அடிக்க இன்னும் கொஞ்ச நேரம். எங்கள் மேஸ்திரி, அந்தப் பூனைக்கண்ணன், யாருக்குத் தொழுநோய் என்று பார்க்கச் சாக்கு ஊசியை எடுத்துக்கொண்டு வரிசையாக வந்தான். எல்லாரும் கையை நீட்டுங்கடி என்றான். என் பக்கத்து மிஷின்காரி நெட்டச்சியின் கையில் குத்தினான், அவள் துள்ளவில்லை. எனக்குக் குத்துவதற்கு முன்னாலேயே நான் துள்ளினேன். அன்றைக்கே அவளை வெளியே அனுப்பினார்கள், பையைக்கூட உள்ளே வந்து எடுக்க விடவில்லை, நான்தான் வாசலில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவளுக்காக நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. பூனைக்கண்ணன் போய்ச் சேர்ந்து பதினோரு வருஷம் ஆகிறது, நான் அவனை விட்டுவிடவில்லை. ஆனால் அன்றிலிருந்து யார் என் கையைச் சோதித்தாலும் தெரியவில்லை என்று சொல்ல எனக்கு நாக்கு எழும்பாது. ஆஸ்பத்திரிக்காரர்கள் என்னை வெளியே அனுப்ப மாட்டார்கள் என்று புத்திக்குத் தெரியும், கைக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னதைத் திங்களும் செவ்வாயும் மென்று முழுங்கினேன். புதன்கிழமை சோதனைக்குப் போனேன், மறைக்காமல் சொல்வதானால் அன்றும் பழையபடியே செய்துவிடலாம் என்றுதான் போனேன். அந்தப் பெண் லீவு. புதிதாக ஒரு தம்பி உட்கார்ந்திருந்தான், அவனுக்கு ஜலதோஷம், மூச்சு மூச்சாக இழுக்கிறான். கண்ணை மூடினேன், மூச்சுச் சத்தம் கேட்டது, கட்டைவிரலைக் காட்டினேன். அடுத்த மூச்சுக்கு ஆட்காட்டி விரலைக் காட்டினேன். நான் நடுவிரலுக்குப் போனதும் அவன் மெதுவாக, அம்மா, நான் இன்னும் தொடவே ஆரம்பிக்கலையே என்றான். கண்ணைத் திறந்தேன். குச்சி அவன் சட்டைப் பையில் இருந்தது. அவன் சிரிக்கவில்லை, அதற்காகவே அவன் நன்றாக இருப்பான். உடனே டாக்டரைக் கூப்பிடச் சொல்லி நாலு மாதக் கதையையும் கொட்டினேன். கூட வந்த உன் தம்பி பெண்டாட்டி பரீட்சையில காப்பி அடிச்சு மாட்டின அத்தையை இப்பத்தான் பார்க்கிறேன் என்றாள். சொல்லட்டும், தேதியைக் குறித்துவைத்திருக்கிறேன்.

டாக்டர் கோபப்படவில்லை. மரத்து ஆறு மாசம் தாண்டலைம்மா, மாத்திரையைத் திரும்பக் கூட்டிப் பார்ப்போம், கொஞ்சம் திரும்பி வரலாம், வராமலும் போகலாம், சத்தியம் பண்ண மாட்டேன் என்றார். சத்தியம் பண்ணாத டாக்டரைத்தான் எனக்குப் பிடிக்கிறது. மாத்திரையில் மூஞ்சி மறுபடியும் உப்பும், பசி பேய்ப் பசியாக எடுக்கும், எடுக்கட்டும், ஒரு வேளைகூடத் தவற விட மாட்டேன். சூடான பாத்திரத்தைத் துணி இல்லாமல் தொடுவதில்லை, காலையும் சாயங்காலமும் விளக்கு வெளிச்சத்தில் கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், விரல் பயிற்சி மூன்று வேளை. அப்புறம் அந்தத் தம்பியையே உட்காரவைத்து, நடுவில் ஓர் அட்டையை நிறுத்தி, இஷ்டப்பட்ட இடத்தில் தொடு, இஷ்டப்பட்ட நேரத்தில் தொடு என்று சொல்லிச் சோதிக்கவைத்தேன். பத்துக்கு நாலு.

இப்போது நீ செய்ய வேண்டியது. ஆஸ்பத்திரியிலிருந்து திருத்தி எழுதி அனுப்புவார்கள், ஆனால் அவர்கள் காகிதம் ஆடி அசைந்து வருவதற்குள் உன் கூட்டம் வந்துவிடும். அதற்காகக் காத்திருக்காதே, காணாததுபோல் இருந்துவிடாதே. நூறு பேரில் ஒருத்திதானே என்று உன் மனசு சொல்லும், எனக்குத் தெரியும், நான் பெற்ற மனசுதானே. தார்ப்பாயில் துணி ஒழுகாது, தையல்தான் ஒழுகும். நரம்பிலும் அப்படித்தான் என்று நீயேதான் எனக்குச் சொன்னாய், தையல் விட்டால் உள்ளே இருப்பது நனையும் என்று உன் கண்ணாடி சரியாகத்தான் காட்டியிருக்கிறது. உன் வேலையில் தப்பில்லை. தப்பு என் வாயில். இல்லாத அதிசயத்தைத் தேடி நீ இரண்டு வருஷம் அலைந்தால், அந்த இரண்டு வருஷத்தில் கை போகிறவர்களுக்கு யார் பதில் சொல்வது. நெட்டச்சிக்காக ஒரு தடவை வாயை மூடிக்கொண்டு இருந்தேன், இரண்டாவது தடவை இருக்க மாட்டேன். நாளைக்கே உன் தலைவரிடம் போ. அந்தப் பத்துகளை எல்லாம் அடி. நாலு என்று எழுது.

டிக்கெட் போடுகிறேன், கிளம்பி வருகிறேன் என்று ஆரம்பிக்காதே, மாத்திரைக் கணக்கு முடிகிற வரைக்கும் நான் எங்கேயும் வரவும் மாட்டேன், யாரும் வந்து என்னைப் பார்த்து அழவும் வேண்டாம். நீ, மாப்பிள்ளை, குழந்தை மூன்று பேரும் போன வருஷம் இங்கே என்னோடு இருந்தீர்கள். பகல் வெளிச்சத்தில் ஒருவர் உடம்பை ஒருவர் பாருங்கள், வெளிறின தேமல், தொட்டால் தெரியாத இடம் இருந்தால் உடனே காட்டுங்கள், மாத்திரை இருக்கிற நோய்க்கு வெட்கப்படக் கூடாது. நீ தலை நிமிர்ந்து நூறு வருஷம் இருக்க வேண்டும், என் பேத்தி உன்னைவிட நிமிர்ந்து இருக்க வேண்டும். கூட்டத்தில் நம்பரை அடிக்கும்போது அந்தப் பொய் சொன்ன ஆள் யார் என்று எவனாவது கேட்பான். எங்க அம்மா என்று சொல். மூட்டு வலி என்று சொல்லாதே.

இப்படிக்கு,
உன் அம்மா