பத்து மாடிக்கு ஒரு ஆள் லிஃப்ட்

அன்புள்ள கண்ணாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே நன்றாக இருக்கிறோம், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறோம், வேளாவேளைக்குச் சண்டையும் போட்டுக்கொள்கிறோம், ஒரு குறையும் இல்லை. நீ நலமா என்று நான் கேட்கப் போவதில்லை. கேட்டால் நலம் என்றுதான் சொல்வாய், போன ஞாயிற்றுக்கிழமையும் போனில் அப்படிச் சொல்லிக்கொண்டே இருமினாய். வெந்நீர் குடி, ஈரத் தலையோடு வெளியே போகாதே. இதையெல்லாம் போனிலேயே சொல்லலாமே, எதற்குக் கடிதம் என்று நீ நினைப்பாய். போனில் நான் ஒன்று ஆரம்பித்தால் நீ நடுவில் புகுந்து அம்மா அது அப்படி இல்லை என்று இழுத்துக்கொண்டு போய்விடுகிறாய். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது, அதனால் இன்று முழுதும் என் ராஜ்ஜியம்தான்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். லேப்டாப் வாங்கியாகிவிட்டது, நீ எதுவும் அனுப்ப வேண்டாம். நானே வாங்கித் தருகிறேன் என்று ஒற்றைக் காலில் நின்றாய், படம் படமாக அனுப்பினாய், அதில் ஒன்றை நானும் ஆசையாகத்தான் பார்த்தேன், வெள்ளி மாதிரி மின்னியது. ஆனால் அதன் விலையைக் கேட்டதும் எனக்கு அதன் மேல் இருந்த ஆசையே போய்விட்டது. உனக்கு என்னைத் தெரியாதா, நீ முதல் சம்பளத்தில் வாங்கி வந்த கண்ணாடிக் கிண்ணங்கள் இன்னும் அட்டைப் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. அந்த லேப்டாப் வந்திருந்தால் அதையும் ஒரு துண்டில் சுற்றி அலமாரியில் பூட்டி வைத்திருப்பேன், என் படிப்பும் உள்ளேயே கிடந்திருக்கும். கை தவறி விழுந்தாலும் மனசு பதறாத மாதிரி ஒன்று வேண்டும், அதுவும் என் சம்பளத்தில் இருந்தே வாங்க வேண்டும், தவணை கிவணை கூடாது என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டேன். அப்பா தலையை ஆட்டினார். அவர் தலையை ஆட்டினால் அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குத்தான் தெரியுமே, கேட்டுக்கொண்டேன், ஆனால் என் இஷ்டப்படிதான் செய்வேன் என்று அர்த்தம்.

குழந்தைகள் காப்பகத்தில் நடந்தது உனக்கு முழுதாகத் தெரியாது. இத்தனை வருஷமாக நான் அங்கே உதவியாளர்தான், மூக்கைத் துடைப்பேன், சட்டை மாற்றுவேன், தூங்க வைப்பேன். குழந்தைகள் என்னைத்தான் தேடும், ஆனால் வகுப்பறை என் பெயரில் கிடையாது. போன வருஷம் உன் வயதுப் பெண் ஒருத்தி வந்து எனக்கு மேலே டீச்சர் ஆனாள். நல்ல பெண், என்னை ஆன்ட்டி ஆன்ட்டி என்று கூப்பிடுவாள், எனக்கு அவள் மேல் கோபம் இல்லை, ஆனாலும் வலிக்கத்தான் செய்தது. இந்த முறை நிர்வாகி அம்மா என்னைக் கூப்பிட்டு, ஒரு வருஷப் படிப்பு இருக்கிறது, அதை முடித்தால் சின்னப் பிள்ளைகள் அறையை உங்களிடமே ஒப்படைக்கிறேன் என்று சொன்னார்கள். உடனே சேர்ந்தேன். பாடம் எல்லாம் வீடியோவில் வருகிறது, பயிற்சிக் கட்டுரைகளை டைப் செய்து அனுப்ப வேண்டும். முதல் கட்டுரையைப் போனிலேயே ஒற்றை விரலால் குத்திக் குத்தி எழுதி அனுப்பினேன். வரிகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன, படிக்க முடியவில்லை, சரியாக அமைத்து அனுப்புங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு நான் அப்பாவிடம் இது எனக்குச் சரிப்பட்டு வராது, விட்டுவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன், உன்னிடம் மறைத்தேன். அவர் டீயைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார். எனக்கு இன்னும் கோபம் வந்தது.

அவர் எதற்குப் போனார் என்று மறுநாள்தான் தெரிந்தது. லிஃப்ட் ரிப்பேருக்குப் போகிற ஆபீஸ்களில் எல்லாம் லேப்டாப்போடு நிற்கிறவர்களைப் பிடித்து விசாரித்திருக்கிறார். லிஃப்ட் சரியாகிற வரைக்கும் அவர்களும் எங்கே போவார்கள், பாவம், மாட்டிக்கொண்டு பதில் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் ஒரு கம்பெனியைச் சொன்னார், இன்னொருவர் அதை வாங்கினால் குப்பையில் போடு என்றார். எதிர்வீட்டுத் தையல்காரர் வேறு மூக்கை நுழைத்து, தன் மருமகன் வைத்திருக்கிற மாதிரி கலர் கலராக லைட் எரிகிறதை வாங்குங்கள் என்றார், நான் என்ன கல்யாண மண்டபமா நடத்துகிறேன். கடைசியில் அப்பா என்னைக் கடைக்கு அழைத்துப் போனார். அங்கே அவர் செய்த கூத்தை நீ பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொன்றையும் எடுத்துத் திறந்து மூடி, திறந்து மூடி, காதருகில் வைத்துக் கேட்டார். எந்த மிஷினிலும் முதலில் போவது கதவுதான் என்று விற்பனைப் பையனுக்கே பாடம் எடுத்தார். அப்புறம் பக்கத்தில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். லிஃப்டில் எத்தனை பேர், எத்தனை கிலோ என்று தகடு இருக்குமே, அதைப் படிக்கிற பழக்கம். ஒன்றில் ஆயிரம் ஜிபி என்று போட்டிருந்தது, அதே விலையில் இன்னொன்றில் இருநூற்று ஐம்பத்தாறு. இது ஆயிரம் தாங்கும், அது கால்வாசிதான் தாங்கும், எதிலும் முழுப் பாரம் ஏத்தக் கூடாது, அதனால பெருசாதான் வாங்கணும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அந்தப் பையனும் சூப்பர் சார் என்றான். பழைய சரக்கைத் தள்ளிவிட்ட சந்தோஷம் அவனுக்கு. வீடு வரைக்கும் அப்பா அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

வீட்டில் அதைத் திறந்தால் அது கண் விழிப்பதற்குள் நான் பாத்திரம் கழுவிவிட்டு வந்துவிடலாம். பாட வீடியோ ஓடிக்கொண்டிருக்கும்போது எழுதுகிற பக்கத்தைத் திறந்தால் வீடியோ நின்றுவிடும், பாடப் புத்தகத்தையும் திறந்தால் எல்லாமே நின்றுவிடும், நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அப்பா பின்னால் வந்து நின்று, புதுசு இல்லையா, ஓட ஓட சரியாயிடும் என்பார். நானும் ஆமாம் ஆமாம் என்பேன். சொல்ல மனசு வரவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து எனக்கென்று அவர் போய் நின்று, விசாரித்து, அலைந்து வாங்கிய முதல் பொருள் அது. ஆனால் கட்டுரை அனுப்ப வேண்டிய நாளும் நெருங்கியது, கடையில் மாற்றிக்கொள்ளக் கொடுத்த அவகாசமும் முடியப் போனது. இந்தக் கட்டுரையும் போகாவிட்டால் என் பெயரை எடுத்துவிடுவார்கள். வெட்கத்தை விட்டு அதைக் காப்பகத்துக்குத் தூக்கிக்கொண்டு போய் அந்தச் சின்ன டீச்சரிடம் காட்டினேன். அவள் பார்த்துவிட்டு, ஆன்ட்டி, சேர்த்து வெக்கிற இடம் நிறைய இருக்கு, ஆனா ஒரே நேரத்துல வேலை செய்யற மெமரி ரொம்பக் குறைச்சல், அது நாலு ஜிபிதான் இருக்கு, உங்களுக்கு எட்டு ஜிபியாவது வேணும் என்று பொறுமையாகச் சொன்னாள். எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. ஒரு லிஃப்ட்காரரோடு குடித்தனம் பண்ணியதற்கு அது கூடவா புரியாது.

அன்று சாயந்திரம் அப்பா வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்டேன், ஏங்க, பத்து மாடிக் கட்டடம், மாடிக்கு நூறு பேர் இருக்கலாம், ஆனா லிஃப்ட்ல ஒரு ஆள்தான் நிக்க முடியும்னா என்ன சொல்வீங்க என்று. அதைக் கட்டினவனை உதைப்பேன் என்றார். நாம வாங்கினது அந்தக் கட்டடம்தான் என்றேன். முதலில் முறைத்தார். அப்புறம் நான் சின்ன டீச்சர் சொன்னதை எல்லாம் சொல்ல, மேஜை மேல் இருந்த லேப்டாப்பையே கொஞ்ச நேரம் பார்த்தார். ஆயிரம்னு போட்டிருந்தது மாடிக் கணக்கா, நான் பாரக் கணக்குன்னு இல்ல நெனச்சேன் என்று அசடு வழிந்தார். இதை ஏன் முதல் நாளே சொல்லலை என்று கேட்டார். உங்க முகத்தைப் பார்த்தேன், வாய் வரலை என்றேன். அதற்கு அவர், என் முகம் எங்கயும் போயிடாது, உன் படிப்புதான் போயிடும், கெளம்பு என்று கழற்றின செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டார். கண்ணா, அந்த ஒரு வார்த்தைக்காக அந்த ஆள் போடுகிற குறட்டை எல்லாவற்றையும் மன்னித்துவிட்டேன்.

கடையில் இந்த முறை ஒரு பெண் இருந்தாள். நாங்கள் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே என்ன படிக்கறீங்க, தினமும் தூக்கிட்டுப் போவீங்களா, எங்க உக்காந்து வேலை செய்வீங்க என்று கேட்டாள். பஸ்ஸில் சாப்பாட்டுப் பையோடு தூக்கிப் போக வேண்டும், ஜன்னல் பக்கத்தில்தான் உட்காருவேன், வெயில் பட்டால் திரை பளபளக்கக் கூடாது என்றேன். முதலில் வாங்கினதைத் திருப்பிக் கொடுத்தால் கிடைக்கிற பணத்துக்குப் புதிதில் எட்டு உள்ளது கொஞ்சம் எட்டாமல் நின்றது. அப்போதுதான் அவள், ஏதோ ஆபீஸில் இருந்து திரும்பி வந்ததைச் சுத்தம் செய்து, ஒரு வருஷ உத்தரவாதத்தோடு வைத்திருந்த ஒன்றை எடுத்து வந்தாள். மேலே லேசாக ஒரு கீறல், அவ்வளவுதான். பழசா என்று எனக்கு மனசு கொஞ்சம் சுருங்கியது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இந்த முறை சீட்டை யாரும் படிக்கவில்லை. நான் அங்கேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, வீடியோ, புத்தகம், எழுதுகிற பக்கம் மூன்றையும் திறந்து, கட்டுரையின் முதல் பத்தியை டைப் செய்தே பார்த்துவிட்டேன். எதுவும் நிற்கவில்லை. எழுத்துக் கட்டைகள் விரலுக்கு மெத்தென்று இருந்தன. அப்பா பேட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்க்கச் சொன்னார், அவள் காட்டினாள், பரவாயில்லை. அப்புறம் அவர் வழக்கம்போல் திறந்து மூடினார், இந்தக் கதவு என்னை விட கெட்டி என்று கையெழுத்துப் போடாத குறையாக ஒப்புக்கொண்டார். மிச்சம் கிடைத்ததில் தோளில் மாட்டுகிற பை ஒன்று வாங்கினேன்.

கட்டுரை போய்விட்டது. அம்மாவை விட்டுப் பிரிந்து காலையில் கதவருகிலேயே நின்று அழுகிற குழந்தையை எப்படி உள்ளே அழைத்து வருவது என்று எழுதியிருந்தேன். நன்று, அனுபவம் தெரிகிறது, இன்னும் விரிவாக எழுதலாம் என்று பதில் வந்திருக்கிறது. விரிவாக எழுதலாமாம், இவர்களுக்கு என்னைத் தெரியவில்லை. நான் படிக்காத நேரத்தில் அப்பா அதில் பழைய பாட்டு போடுகிறார், கரண்ட் பில் கட்டுகிறார், உன் போட்டோவைப் பெரிதாக்கி இளைத்துவிட்டான் என்று என்னிடம் புகார் சொல்கிறார். இந்தக் கடிதத்தையும் அதில்தான் தட்டுகிறேன், விரல் பழகட்டும் என்று.

நீ எனக்கு லேப்டாப் வாங்கித் தர வைத்திருந்த பணத்தைக் கையில் வைத்துக்கொள், நல்ல டாக்டராகப் பார்த்து அந்த இருமலைக் காட்டு. கடைச் சாப்பாட்டைக் குறை. உனக்கு நல்ல உடம்பும் நிம்மதியான தூக்கமும் மனசுக்குப் பிடித்த வேலையும் என்றைக்கும் நிலைக்க வேண்டும், எங்கள் இருவரின் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு.

ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். நான் வேலையிலிருந்து வந்து டீ குடித்ததற்கு அப்புறம் ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் எனக்குப் போன் பண்ணாதே. கோபித்துக்கொள்ளாதே கண்ணா, உன் போனுக்காகக் காத்துக்கிடந்த அம்மாதான் சொல்கிறேன். நீ பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம் படிக்கும்போது வாசலில் யார் வந்து நின்றாலும் நான் கதவைப் பாதி திறந்து, பையன் படிக்கிறான், அப்புறம் வாங்க என்று திருப்பி அனுப்புவேன். நேற்று தையல்காரர் ஊர்க்கதை பேச வந்தார். நான் உள்ளே ஜன்னலோரம் உட்கார்ந்து அடுத்த பாடத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா கதவைப் பாதிதான் திறந்தார். அவ படிக்கிறா, அப்புறம் வாங்க என்று குரலைத் தாழ்த்திச் சொன்னது எனக்குக் கேட்டது. அதற்கப்புறம் கொஞ்ச நேரம் திரையில் ஒரு எழுத்தும் தெரியவில்லை.

இப்படிக்கு,
படித்துக்கொண்டிருக்கும் உன் அம்மா