திரையில் உன் முகத்தின் நிறம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான் சுகம், உன் அத்தை சுகம், மாடி வீட்டுக்காரரின் நாய்கூட சுகம். நீ சுகமா என்று வழக்கத்துக்காகக் கேட்கவில்லை, பதில் வேண்டும் என்றுதான் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் முகம் பார்த்துப் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். பேசும்போது நீ நல்லா இருக்கேன்பா என்கிறாய், நானும் நல்லா இருக்கேம்மா என்கிறேன், அதோடு பேச்சு தீர்ந்துபோகிறது. பிறகு லேப்டாப் மூடியை மூடிவிட்டு நான் சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.

நீ விட்டுப்போன லேப்டாப் விஷயம்தான் சொல்ல வந்தேன். கொஞ்ச நாளாகவே அதில் உன் முகம் சரியில்லை. நம்ம பெயிண்டுக் கடைப் பேச்சில் சொன்னால், வெள்ளையில் ஒரு சொட்டுச் சாம்பல் விழுந்த மாதிரி. கேட்டதற்கு இங்கே லைட்டு அப்படிப்பா என்றாய். ஒருநாள் உன் அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, லைட்டாவது கிட்டாவது, பிள்ளை வாடிப்போயிருக்கு, உனக்குக் கண் அவிஞ்சு போச்சா என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பெயிண்டுக் கடையில் ஒருத்தர் சுவரிலிருந்து பெயர்த்த சில்லைக் கொண்டுவந்து நீட்டினால் அதே நிறத்தைக் கலந்து கொடுக்கிறவன் நான், எனக்கா நிறம் தெரியாது, கோளாறு திரையில் என்று கத்திவிட்டேன். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனவள்தான், அப்புறம் இந்தப் பக்கமே வரவில்லை. உன் அம்மா போன பிறகு இந்த வீட்டில் சத்தம் என்று ஒன்று இருந்தால் அது அவள் வாய்தான், அதுவும் போயிற்று.

சரி, நாமே சரிபண்ணுவோம் என்று இறங்கினேன். திரையின் நிறத்தைக் கூட்டிக் குறைக்க அதில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று கோடு இருக்கிறது, இழுத்தால் நகர்கிறது. நமக்குக் கைவந்த வேலையாயிற்றே. நீ கிளம்பும்முன் எடுத்த படத்தைச் சுவரிலிருந்து கழற்றி, சாம்பிள் சில்லு மாதிரி திரைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தேன். நீ அந்தப் பக்கம் பேசிக்கொண்டிருக்கிறாய், நான் இந்தப் பக்கம் கோட்டை இழுத்துக்கொண்டிருக்கிறேன். கவனிக்கிறீங்களாப்பா என்று ரெண்டு தடவை கேட்டாயே, அது இதனால்தான். சிவப்பைக் கூட்டி நீலத்தைக் குறைக்கக் குறைக்க, அச்சு அசல் அந்தப் படத்துப் பெண் வந்துவிட்டாள். எவ்வளவு சந்தோஷம் தெரியுமா, நீ என்ன பேசினாய் என்றே நினைவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஆனால் மற்றதெல்லாம் செங்கல் பொடி தூவியதுபோல் ஆகிவிட்டது. செய்தி படிக்கப் போனால் பக்கமெல்லாம் சிவப்பு, கண் எரிச்சல். வேறு வழியில்லாமல் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் ரிப்பேர்காரரிடம் தூக்கிக்கொண்டு போனேன். ஆள் சிடுமூஞ்சி. மூடியை முன்னும் பின்னும் அசைத்து, உள்ளே ஒயர் தளர்ந்திருக்கிறதா என்று பார்த்தார், நிறம் மாறவில்லை. ராத்திரியில் திரையை மஞ்சளாக்கும் வசதி ஒன்று உண்டாம், அதுவும் அணைந்தே இருந்தது. பிறகு நான் இழுத்த கோடுகளையெல்லாம் பழையபடி வைத்து, ஒன்றும் எழுதாத பக்கத்தைத் திறந்து, பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்தார். ரெண்டும் ஒரே வெள்ளை. யார் இப்படி நோண்டினது என்று கேட்டார். நான் பெருமையாகப் படத்தின் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “ஐயா, முகத்த வச்சுக் கலர் பாக்காதீங்க. முகம் மாறும். ஸ்கிரீன்ல ஒண்ணும் இல்ல” என்றார்.

நீ போன மாதம் அனுப்பிய படத்தை அங்கேயே திறந்து பார்த்தேன். திரையின் வெள்ளை சரியாகத்தான் இருந்தது. உன் கண்ணுக்குக் கீழே கறுப்பு, கன்னத்தில் எலும்பு தெரிகிறது. பஸ் ஏற மனசில்லாமல் நடந்தே அத்தை வீட்டுக்குப் போனேன். நான்தான் சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை அவள், டீ போட்டுக் கொடுத்தாள்.

என்னம்மா ஆச்சு உனக்கு? வேலையா, தூக்கமா, யாராவது ஏதாவது சொன்னார்களா? கூட இருந்த பெண் அறையைக் காலி பண்ணிவிட்டாள் என்று சிரித்துக்கொண்டே சொன்னாயே, அதன் பிறகு யாரோடு சாப்பிடுகிறாய்? வேலையை விட்டுவிட்டு வா என்றும் சொல்லமாட்டேன், வராதே என்றும் சொல்லமாட்டேன். வந்தால் உன் அறை அப்படியேதான் இருக்கிறது. எனக்குத் தெரியாமல் மட்டும் நீ கஷ்டப்படாதே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இன்னொன்று. ஏன்பா இருட்டா தெரியறீங்க என்று நீ கேட்டபோது பல்பு போய்விட்டது என்றேன். பல்பு நன்றாகத்தான் எரிகிறது. நானும் இளைத்துத்தான் போயிருக்கிறேன், அது உனக்குத் தெரியவேண்டாம் என்று ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். தனியாக உட்கார்ந்து சாப்பிடப் பிடிக்காமல் அடுப்படியில் நின்றபடியே ரெண்டு வாய் போட்டுக்கொள்கிறேன். இன்றைக்கு நாற்காலியைத் திருப்பிப் போட்டுவிட்டேன்.

உடம்பும் மனசும் தேறி, நீ நிறைய நாள் நன்றாக இருக்க வேண்டும், அத்தையும் அதையேதான் சொல்லச் சொன்னாள். மறந்துவிடாதே, ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டுப் பேச வராதே. தட்டோடு வா. நானும் தட்டோடு உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா