என் தங்கைக்குப் பேய் இல்லை

ஜூன் 11
ஐஸ்வர்யாவைப் பார்க்கப் பென்னாகரம் போனேன். என் தங்கையைச் சேலையால் கட்டிலோடு கட்டி வைத்திருக்கிறார்கள். தூக்கமே இல்லையாம். யாருமில்லாத மூலையைப் பார்த்துக் கத்துகிறாள், வாய் ஒரு பக்கமாக இழுக்கிறது. அவள் மாமியார் கோவிந்தம்மாள் என்னைக் கண்டதும், "உங்க வூட்டுச் சீக்கை எங்க தலையில கட்டிட்டீங்க" என்றாள். ஐஸ்வர்யாவின் புருஷன் மாதவராஜ் செல்போனிலிருந்து தலை நிமிரவில்லை. வெள்ளிக்கிழமை பேயோட்டப் போகிறார்களாம். பேயாம்!

ஜூன் 12
சண்டை. தெருவே வேடிக்கை பார்த்தது. "கூட்டிட்டுப் போனா திருப்பிக் கொண்டாராதீங்க" என்றான் மாதவராஜ். கொண்டுவர மாட்டேன்டா. அவளைக் காரில் ஏற்றிச் சேலம் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டேன். வழியில் தொப்பூர் கணவாயில் அவளுக்கு வலிப்பு. ஒருக்களித்துப் படுக்கவைத்துப் பிடித்துக்கொண்டேன். அந்தக் குடும்பம் நாசமாய்ப் போக.

ஜூன் 15
ஐஸ்வர்யா இன்னும் கண் திறக்கவில்லை.

ஜூன் 19
முதுகுத் தண்டு நீர்ப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. நரம்பு டாக்டர் ஜாஸ்மின் படம் போட்டுச் சொன்னார். மூளையில் ஒரு செல் அடுத்த செல்லோடு குளுட்டமேட் என்ற பொருளால் பேசுகிறதாம். அதை வாங்கிக்கொள்ள ஒரே குடும்பத்து ஏற்பிகள் உண்டு. ஒரு வகை சட்டென்று திறக்கும். அது திறந்து மின்னோட்டம் ஏறினால்தான் இன்னொரு வகையின் வாயிலிருக்கும் அடைப்பு விலகும். இரண்டும் ஒத்துப்போனால்தான் செல் அளவோடு வேலை செய்யும். ஐஸ்வர்யாவின் உடம்பு அந்த இரண்டாவது வகையை எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது.

"மத்ததை அடக்கிவைக்கிற செல்லுங்க ஓய்ஞ்சிடுது, எல்லாம் கட்டுமீறிப் போகுது. பைத்தியமில்லீங்க, பேயுமில்லீங்க" என்றார்.

தூண்டிவிட்டது சினைப்பையில் ஒரு கட்டி. எடுக்கவேண்டும். ஆபரேஷனுக்குக் கையெழுத்துக் கேட்டு மாதவராஜுக்குப் போன் செய்தேன். "சினைப்பை போச்சுன்னா அப்புறம் அவ எதுக்கு?" என்றான்.

எதுக்கா?

ஒரு பக்கம் மட்டும்தான் எடுப்பார்கள் என்று சொல்ல வந்தவள் சொல்லாமலே வைத்துவிட்டேன். அப்பா கையெழுத்துப் போட்டார்.

ஜூலை 30
"அக்கா, தண்ணி."
கட்டியை எடுத்த பிறகு முதல் பேச்சு. இவ்வளவுதான் சொன்னாள். வராந்தாவுக்கு ஓடிப்போய் அழுதேன்.

ஆகஸ்ட் 18
நடக்கிறாள், சிரிக்கிறாள். ஆனால் அந்த நாட்கள் எதுவுமே நினைவில்லை. நினைவைப் பதியவைப்பதும் அதே ஏற்பிகள்தானாம். அவை பழுதாகிக் கிடந்த நாட்கள் பதியவே இல்லை, இனியும் வராது என்கிறார் டாக்டர். கட்டிவைத்தது தெரியாது. அவன் சொன்னது தெரியாது. "அவர் ஏங்க்கா வரல? வேலை ஜாஸ்தியா?" என்கிறாள். அந்தப் பாவிக்கு இப்படி ஒரு அதிர்ஷ்டமா?

ஆகஸ்ட் 25
மாதவராஜ் வந்தான், ஆப்பிளோடு. "நான்தான் உன்னை ஆஸ்பத்திரிக்கு ஏத்திவிட்டேன்" என்று அவளிடமே சொல்கிறான்! அவளும் நம்பிச் சிரிக்கிறாள். "விடும்மா, குடும்பம் ஒண்ணா இருக்கட்டும்" என்று அப்பா என் காதில் சொன்னார். விடவில்லை. எல்லாவற்றையும் அவன் முகத்துக்கு நேரே சொன்னேன், சினைப்பைப் பேச்சு வரைக்கும். ஐஸ்வர்யா அவனைத்தான் கேட்டாள்: "நிஜமாங்க?"

"அது... அம்மா சொன்னாங்கன்னு..."

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

செப்டம்பர் 14
ஐஸ்வர்யா பாப்பாரப்பட்டிக்கு, என் வீட்டுக்கு வந்து பத்து நாளாகிறது. என்னோடு பேசுவதில்லை. இன்று வெடித்தாள்: "மறந்துபோனதை எனக்கு ஏன் எடுத்துக் குடுத்த?" அவன்மேல் வரவேண்டிய கோபமெல்லாம் என்மேல். நான் செய்தது தப்பா? இல்லை. இன்றைக்கும் சொல்வேன்.

நவம்பர் 3
அரூரில் மருந்துக்கடை வேலைக்கு இன்று முதல் போகிறாள் ஐஸ்வர்யா. காலையில் பஸ் மாறும்போது தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் மாதவராஜ் நின்றிருந்தானாம்.

"என்ன சொன்னான்?" என்றேன்.

"என்னமோ சொல்ல வந்தாரு. அரூர் பஸ் வந்துருச்சுக்கா, ஏறிட்டேன்."

சாப்பாட்டுத் தட்டை நீட்டி, இன்னும் கொஞ்சம் சோறு கேட்டாள்.