அனகாபுத்தூர், படகு, பூஜ்யம்

பல்லாவரம்,
செவ்வாய் காலை.

தம்மாமில் இருக்கும் என் அக்தர் அவர்களுக்கு, உங்கள் ஷபீனா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

தினமும் பேசுகிறவள் ஏன் மெயில் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். நேற்று மூன்று தடவை போனைக் கையில் எடுத்தேன். உங்கள் குரலைக் கேட்டுக்கொண்டு இதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. முழுவதும் படித்துவிட்டு அப்புறம் கூப்பிடுங்கள்.

வியாழக்கிழமை பெரிய மழை என்கிறார்கள். அடையாற்றில் இப்போதே தண்ணீர் ஏறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அனகாபுத்தூர் போய், நஃபீசா அக்காவையும் படுத்த படுக்கையாக இருக்கும் சௌகத் அலி அண்ணனையும் நம் வீட்டுக்குக் கூப்பிட்டேன். உங்கள் அக்காவின் பிடிவாதம்தான் உங்களுக்குத் தெரியுமே. "அவரை ரெண்டு மாடி யாரு தூக்கினு போறது? இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு? நீ பண்ண சைட்டு கீதுல்ல, அதுல பேரைப் போட்டா படகு வரப் போவுது" என்றார்கள். பக்கத்து வீட்டு ரோஸியிடமும், எங்க தம்பி பொண்டாட்டி பண்ணது என்று பெருமையாகச் சொன்னார்கள். என்னால் அங்கே உட்கார முடியவில்லை. டீயைக் குடிக்காமலே கிளம்பிவிட்டேன்.

போன வருஷ வெள்ளத்தில் எங்கள் நாவலூர் ஆபீஸில் அவசரமாகச் செய்தோமே, உதவி கேட்கிறவர்கள் பெயரைப் பதிகிற தளம், அதைத்தான் சொல்கிறார்கள். ஊரையும் தேவையையும் தேர்ந்தெடுத்தால் எத்தனை வீடு என்று எண் வரும். படகுக்காரர்கள் அந்த எண்ணைப் பார்த்துத்தான் எந்தப் பக்கம் போவது என்று முடிவு செய்தார்கள். இந்த மழைக்கு அதை மறுபடி தயார் செய்யும் வேலை எனக்கு வந்தது. அப்போதுதான் நான் செய்து வைத்திருந்தது என் கண்ணில் பட்டது.

ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் தேடினால் சர்வர் தாங்காது. அதனால் ஒரு தடவை எண்ணியதை எடுத்து வைத்துக்கொண்டு, அடுத்துக் கேட்பவர்களுக்கு அதையே காட்டுவோம். கொஞ்ச நேரம் கழித்து அதை அழித்துவிட்டுப் புதிதாக எண்ண வேண்டும். ஓட்டல் பலகையில் எழுதிய விலைப்பட்டியலைத் தினமும் அழித்து எழுதுவது மாதிரி. இதற்கு கேஷ் என்று பெயர். அதைச் செய்தது நான். எல்லோரும் அதிகமாகத் தேடியது படகைத்தான். அதனால் படகு எண்ணிக்கையை மட்டும் ஒரு மணி நேரம் வைத்திருக்கச் சொன்னேன். அதுகூடப் பரவாயில்லை. யாராவது பார்த்தால் அந்த ஒரு மணி நேரம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்படி எழுதிவிட்டேன். அடிக்கடி பார்ப்பதைப் பத்திரமாக வைத்திருக்கலாமே என்று நினைத்தேன். சாதாரண நாளில் அது நல்ல யோசனைதான்.

அன்று காலை ஒன்பது மணிக்கு அனகாபுத்தூரில் படகு கேட்டவர்கள் யாரும் இல்லை. பூஜ்யம். அக்கா முந்தின நாள் சாப்பாடு மட்டும்தான் கேட்டிருந்தார்கள். ஒன்பது பதினாலுக்கு அதைப் படகு என்று மாற்றியிருக்கிறார்கள். அது பதிவில் இருக்கிறது. சாப்பாட்டு எண்ணிக்கையில் அவர்கள் வீடு உடனே குறைந்துவிட்டது. படகுக்கு மட்டும் பழைய பூஜ்யமே நின்றது. அந்த வீடு எங்கேயும் இல்லை.

நான் ஆபீஸிலிருந்து பார்த்தேன். சாப்பாட்டு எண் குறைந்திருந்தது, படகில் பூஜ்யம். அக்காவின் போனும் அணைந்திருந்தது. படகு வந்து அழைத்துப் போயிருக்கும் என்று நானே முடிவு செய்து உங்களுக்குச் சொன்னேன். நீங்கள் அல்ஹம்துலில்லாஹ் என்றீர்கள். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

சொன்னேனே தவிர மனசு கேட்கவில்லை. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை திறந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். என்னைப் போல எத்தனை பேர் பார்த்தார்களோ. நாங்கள் கவலையோடு பார்க்கப் பார்க்க அந்தப் பூஜ்யம் அழியாமல் நின்றிருக்கிறது, அக்தர். நாலு மணிக்கு சர்வர் ஒரு தடவை நின்று எழுந்து, பழைய எண் அழிந்த பிறகுதான் பதினாறு வீடு என்று காட்டியது. அதையும் புதிதாகக் கேட்டவர்கள் என்றுதான் நினைத்தேன்.

அதற்குள் பின் தெரு துரை பிளாஸ்டிக் டிரம்களைக் கட்டிக்கொண்டு வந்து இரண்டு பேரையும் காப்பாற்றிவிட்டார். கட்டிலைத் தையல் மேஜை மேல் ஏற்றி, அண்ணனின் தலையை அக்கா தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது உங்களுக்கும் தெரியும். ஊரெல்லாம் தண்ணீர், படகு போதவில்லை என்றுதான் அவர்கள் இன்றுவரை நம்புகிறார்கள். அண்ணனுக்கு அன்று பிடித்த இருமல் இன்னும் விடவில்லை. மற்ற பதினைந்து வீடுகளின் பெயர்கள் என்னிடம் இருக்கின்றன. இன்னும் திறந்து பார்க்கவில்லை. பயமாக இருக்கிறது.

எங்கள் டீம் தலைவர் சூர்யநாராயணன் சாரிடம் சொல்லிவிட்டேன். "இப்ப சரி பண்ணிட்டீங்கல்ல, விடுங்கம்மா, வெளியில பேச வேணாம்" என்றார். சரி செய்துவிட்டேன்தான். இப்போது யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் ஒரு நிமிஷத்தில் எண் மாறிவிடும். நூறு தடவை சோதித்துவிட்டேன். ஆனாலும் நம்பிக்கை வரவில்லை. போன வருஷமும் சரியாக இருக்கிறது என்றுதான் நினைத்தேன். வியாழக்கிழமை இன்னும் எது ஒளிந்திருக்கிறதோ. அதை நம்பி அக்கா அந்த வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் எழுதியதை நம்பி.

உண்மையைச் சொன்னால்தான் அவர்கள் கிளம்புவார்கள். வேறு வழி எனக்குத் தெரியவில்லை. சொன்ன பிறகு என் முகத்தில் விழிப்பார்களா, நீங்கள் விழிப்பீர்களா, தெரியாது. ஆனாலும் போகிறேன். இன்று மாலை அஸர் தொழுகை முடிந்ததும் போகிறேன். அண்ணனைத் தூக்க துரையையும் அவர் தம்பியையும் வரச் சொல்லியிருக்கிறேன். நம் முன்னறையில் கட்டில் போட்டாகிவிட்டது.

அக்கா அழுதுகொண்டு உங்களுக்குப் போன் செய்வார்கள். அப்போது எனக்காக ஒரு வார்த்தையும் பேசாதீர்கள். அவள் தெரியாமல் செய்துவிட்டாள் என்று சொல்லாதீர்கள். என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டட்டும், நீங்களும் சேர்ந்து திட்டுங்கள். வீட்டைப் பூட்டிக்கொண்டு பல்லாவரத்துக்கு வந்து திட்டச் சொல்லுங்கள். அது மட்டும் போதும்.

அல்லாஹ் அவர்கள் இருவரையும், தூரத்தில் இருக்கும் உங்களையும் காப்பாற்றட்டும். என்னை மன்னிக்க முடிந்தால் பிறகு மன்னியுங்கள். முதலில் அக்காவைக் கூப்பிடுங்கள். அவர்கள் எடுக்கும்வரை விடாமல் கூப்பிடுங்கள்.

உங்கள்
ஷபீனா