ஈரக் கல் என்று நான் எழுதிய ஒயின்

ஜன்னலோர இடத்தை எப்போதும் எனக்கே விட்டுக்கொடுத்த என் அண்ணிக்கு,

நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. காய்ச்சல் என்று படுத்தீர்கள், நாலாம் நாள் இல்லை. யாராவது கேட்டால் இன்றும் எனக்கு இதற்குமேல் சொல்லத் தெரியவில்லை.

காலை ரயிலில் ஊரிகத்தில் நான் மட்டும் ஏறுகிறேன். கீரை ஆய்ந்துகொண்டு வரும் நம் பெட்டிப் பெண்கள் பங்காரப்பேட்டை வரைக்கும் உங்கள் இடத்தைக் காலியாக விட்டுவைக்கிறார்கள். அங்கே கூட்டம் ஏறியதும் யாராவது உட்கார்ந்துவிடுகிறார்கள். அவர்களை எழுப்ப எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

ஒயிட்ஃபீல்டு குடோனுக்கு ஸ்டிக்கர் ஒட்டத்தானே போனீர்கள். வெளிநாட்டு ஒயினை வரவழைத்து ஹோட்டல்களுக்கு விற்கிற இடத்தில், ஒரு கார்க்கை மோந்துவிட்டு இது கெட்டது என்று நீங்கள் முணுமுணுத்தது முதலாளி மேடம் காதில் விழுந்தது. மறுவாரமே உங்களைச் சுவைக்கும் மேசையில் உட்கார வைத்தார். ஆபீஸில் இருந்த என்னைப் பக்கத்தில் போட்டார். நீங்கள் தமிழில் சொல்வீர்கள், நான் இங்கிலீஷில் எழுதுவேன். எனக்கு வாசனை பிடிபடாது என்பது நமக்குள் மட்டும் இருந்த ரகசியம். "புக்கு படிச்சுப் படிச்சு உன் மூக்குகூட எழுத்துக் கூட்டித்தான் மோந்து பாக்குது, நாத்தனாரே" என்பீர்கள். ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு ஆள், அவ்வளவுதான்.

நீங்கள் போனதும் அந்த நாற்காலியில் என்னை உட்காரச் சொன்னார்கள். முடியாது என்று நான் சொல்லவில்லை, அண்ணி. வேறு யாரோ உங்கள் கிளாஸைக் கழுவுவதைப் பார்க்க முடியாது என்று நினைத்தேன். அப்புறம் அண்ணன். ஃபாக்டரியிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்ததும் உங்களைக் கேட்பாரே, "இன்னிக்கு இன்னா வாசனை?" என்று. மூன்றாவது வாரம் என்னைக் கேட்டார். என் பையில், நீங்கள் மோந்து சொன்னதெல்லாம் எழுதியிருந்த உங்கள் நீல நோட்டு இருந்தது. ஒரு பக்கத்தை, அன்றைக்கு நானே மோந்தது போலச் சொன்னேன். அவர் இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டார். அதிலிருந்து தினமும் ஒரு பக்கம், சில நாள் அரைப் பக்கம். மேடத்துக்கும் அதே பக்கங்கள்தான்.

போன வியாழக்கிழமை மஸ்கடே வந்தது. பிரெஞ்சுக் கடற்கரைப் பக்கத்து வெள்ளை ஒயின், உடம்பே இல்லாத மாதிரி லேசாக இருக்குமே, அது. போன வருஷம் அதற்கு நீங்கள் சொன்னது இது: "எலுமிச்சம்பழத் தோல், பச்சை ஆப்பிள், கடைசியில நாக்குல உப்பு. நடுவுல ஈரக் கல்லு. எங்கப்பா சுரங்கத்துல ஷிஃப்ட் முடிஞ்சு வந்து சட்டையைக் கழட்டும்போது அடிக்குமே, அது."

எல்லாம் முறைப்படி செய்தேன். வெள்ளைத் தாளுக்கு மேலே கிளாஸைச் சாய்த்து நிறம் பார்த்தேன். வைக்கோலைவிட வெளிறிய நிறம், ஓரத்தில் துளி பச்சை. சுழற்றி மோந்தேன். முதல் தடவையாக ஏதோ ஒன்று என் மூக்குக்கு எட்டியது. ஈரம். எலுமிச்சையும் இல்லை, ஆப்பிளும் இல்லை, வெறும் ஈரம். நந்திதுர்க் பக்கம் மூடிக் கிடக்கும் சுரங்க ஷாஃப்டைத் தாண்டி மழை நாளில் நடந்தால் வீசுமே, அப்படி. நம் ஊரில் வளர்ந்தவளுக்கு ஈரம் என்றால் சுரங்கம்தானே. உங்கள் கல் எனக்கும் வந்துவிட்டது என்று கண் கலங்கிவிட்டது. ஒரு வாய் உறிஞ்சி, காற்றை உள்ளே இழுத்து, துப்பினேன். ஈரக் கல் என்று பெரிதாக எழுதினேன். வராத எலுமிச்சையை உங்கள் நோட்டிலிருந்து எடுத்துச் சேர்த்தேன்.

மதியம் ஹோட்டல்காரர்கள் வந்தார்கள். சுரங்கத்து ஊர்ப் பெண்களின் மூக்கைப் பற்றி மேடம் பெருமையாகச் சொல்லி, அதே புட்டியிலிருந்து ஊற்றினார். அவர்களில் வயதானவர் ஒரு தடவை மோந்துவிட்டு கிளாஸைக் கீழே வைத்தார். மழையில் நனைந்த அட்டைப்பெட்டி வாடை, கார்க் கெட்டிருக்கிறது என்று மரியாதையாகத்தான் சொன்னார். அந்த வாடையைத்தானே ஸ்டிக்கர் ஒட்டும் நாளிலேயே நீங்கள் கண்டுபிடித்தீர்கள். மேடம் மோந்து பார்த்தார். என் பக்கம் திரும்பவில்லை. வேறு புட்டி திறந்தார்கள், எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு அதில் பல் கூசும் புளிப்பு மட்டும் தெரிந்தது. அது நாக்கின் வேலை, மூக்கின் வேலை இல்லை.

கை கழுவும் இடத்தில், சளியா என்று மேடம் கன்னடத்தில் கேட்டார். ஆமாம் என்று தலையசைத்தேன். திங்கட்கிழமை அடுத்த பெட்டிகள் வருகின்றன, அதற்குள் சரியாகிவிடும் என்று என் தோளைத் தட்டினார். அவர் திட்டியிருக்கலாம். உங்கள் மேல் வைத்த நம்பிக்கையை நான் செலவழித்துக்கொண்டிருக்கிறேன் என்பது அவர் கை பட்டபோதுதான் உறைத்தது.

அன்றைக்கு வீட்டில் அண்ணன் வழக்கம்போலக் கேட்டார். ஈரக் கல்லு என்று ஆரம்பித்து, சொல்ல முடியாமல் நிறுத்திவிட்டேன்.

"அண்ணா, எனக்கு ஒண்ணும் தெரியல. இதெல்லாம் அண்ணி சொன்னது. மொதல்லேர்ந்தே."

அவர் தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "தெரியும். மொத நாளே தெரியும். அவ சொன்னதுன்னுதான் கேட்டுனு இருந்தேன்."

அப்புறம் கேட்டார்: "இன்னும் எத்தினி பக்கம் கீது?"

நாலு என்றேன். அவர் எழுந்து போய்க் கையைக் கழுவினார். சாதம் அப்படியே இருந்தது. இனி நாளுக்கு நாலு வரி போதும் என்று உள்ளேயிருந்து சொன்னார்.

திங்கட்கிழமை மேடத்திடம் உண்மையைச் சொல்லிவிடுவேன். அந்த நாற்காலி போகும், வேலையும் போகலாம். வேறு யாரோ அங்கே உட்கார்ந்து, நான் அறியாத வாசனைகளைச் சொல்வார்கள். நாலு பக்கத்தையும் அண்ணனுக்கு மெதுவாகப் படிப்பேன். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் உங்கள் பேரைச் சொல்லித்தான் படிப்பேன், இது சத்தியம். அது முடிகிற நாளில் அவர் எதிரில் எப்படி உட்காருவேன் என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை, அண்ணி.

இன்றைக்கும் உங்கள் நாத்தனார்தான்,
இந்து